காண்பார் குறைந்த களம்

1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் உலக ஹெவிவெயிட் பட்டத்திற்காகப் பதினைந்து சுற்றுகள் பொருதினர். போட்டி காலைப் பொழுதில் நடைபெற்றது. கோலாலம்பூரில் கதிரவன் ஏறும் வேளை அமெரிக்காவில் இரவு. அந்நாட்டு ஒளிபரப்பை முன்னிட்டே அவ்வேளை குறிக்கப்பட்டது. புள்ளிகள் அடிப்படையில் அலி வென்றார். ஹெவிவெயிட் வெற்றிவீரர் யார் என்று சிற்றூர்ச் சிறுவனைக் கேட்டாலும் தயங்காது விடை வந்த காலம் அது. இன்று அதே வினாவைக் கற்றோர் நிறைந்த அவையில் எழுப்பினாலும் விடை எளிதில் வாராது.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? தொழில்முறைக் குத்துச்சண்டை அழிந்துவிடவில்லை. அதில் புழங்கும் பணம் முன்னிலும் பன்மடங்கு பெருகியுள்ளது. குறைந்தது பொதுமக்களின் நாட்டமே. பணம் பெருகக் காண்பார் குறைந்த இம்முரணை விளக்காத எக்காரணமும் முழுமையான காரணம் ஆகாது. இவ்விளையாட்டு மிக ஓங்கியதும் பின்னர் ஒடுங்கியதும் அமெரிக்க மண்ணில் ஆதலின், அந்நாட்டு வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்தல் பொருந்தும்.

ஓங்கிய காலம்

1921இல் ஜாக் டெம்ப்சியும் பிரெஞ்சு வீரர் கார்ப்பாந்தியேயும் மோதிய போட்டிக்கு 80,000 பேர் திரண்டனர். நுழைவுச்சீட்டு வருவாய் ஒரு மில்லியன் டாலரைக் கடந்த முதற்போட்டி அதுவே. 1926இல் பிலடெல்பியாவில் டெம்ப்சி, ஜீன் டன்னியிடம் தோற்றதைக் கொட்டும் மழையிலும் 120,000 பேருக்கு மேல் கண்டனர். பேஸ்பால், குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை ஆகிய மூன்றுமே அன்றைய அமெரிக்கரின் பெரு விளையாட்டுகள்.

1938 ஜூன் 22ஆம் நாள் ஜோ லூயிஸ் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 நொடிகளில் வீழ்த்தியபோது, அரங்கில் இருந்தோர் ஏறத்தாழ 70,000 பேர். வானொலியில் செவிமடுத்தோரோ பல மில்லியன். அலபாமாவில் குத்தகை உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்த கறுப்பினத்தவர் லூயிஸ். இட்லரின் இனக்கொள்கைக்கு அவர் கைகள் அளித்த விடையாகவே மக்கள் அவ்வெற்றியைக் கொண்டாடினர்.

இச்செல்வாக்கின் வேர் ஏழையர் குடியிருப்புகளில் இருந்தது. ஐரிஷ்காரர், யூதர், இத்தாலியர், கறுப்பினத்தவர் என ஒவ்வோர் இனமும் வறுமையில் உழன்ற காலத்தில் தன் மைந்தர்களை இக்களத்திற்கு அனுப்பிற்று. ஒரு வீரன் மேடையேறினால் அவன் தெரு முழுவதும் அவனோடு மேடையேறியது. காண்பவரும் மோதுபவரும் ஒரே மண்ணில் முளைத்தவர்கள். இவ்வுறவே குத்துச்சண்டையின் உயிர்நாடி எனலாம்.

கொடுமைதான் காரணமா?

மக்கள் நாகரிகம் அடைந்தனர். ஆதலின் குருதி சிந்தும் விளையாட்டை வெறுத்தனர் என்பது பலரும் கூறும் விளக்கம். இதனைப் புறந்தள்ள இயலாது. 1962 மார்ச் 24ஆம் நாள் நியூயார்க்கில் எமில் கிரிஃபித், பென்னி பாரெட்டைக் கயிற்றோரம் மடக்கித் தொடர்ந்து தாக்கிய காட்சியை மக்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் கண்டனர். பத்து நாள்களில் பாரெட் இறந்தார். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய இளைஞர் கிம் டுக் கூவின் முடிவும் அத்தகையதே. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1984இல் குத்துச்சண்டையைத் தடைசெய்ய வேண்டும் எனக் குரல் கொடுத்தது. அதே ஆண்டில் அலிக்கு நடுக்குவாத நோய் இருப்பது தெரியவந்தது. சொல்லிலும் நடையிலும் மின்னலாய்த் திகழ்ந்தவர், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை நடுங்கும் கையால் ஏற்றியதை உலகம் கண் கலங்கக் கண்டது.

எனினும் இவ்விளக்கம் முழுமை பெறவில்லை. தொடர்ந்து அடிபடும் வீரர்களின் மூளை பழுதுறுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928லேயே எழுதியிருந்தார். லூயிஸின் காலமும் அலியின் காலமும் அதன் பின்னரே வந்தன. உண்மை அறிந்தும் மக்கள் விலகவில்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைச் சேதம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளிப்படையாகப் பேசப்படுகிறது. ஆயினும் 2024 பிப்ரவரியில் நடந்த அதன் இறுதிப் போட்டியை 120 மில்லியனுக்கு மேற்பட்டோர் கண்டனர். கை, கால், முழங்கை அனைத்தாலும் தாக்க இடமளிக்கும் கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டி 1993இல் அமெரிக்காவில் தோன்றி வளர்ந்தது. கொடுமையை வெறுத்து ஒரு களத்தைவிட்டு நீங்கியோர், அதனினும் கொடிய களத்தை நோக்கிச் சென்றிருக்க மாட்டார்கள்.

அலிக்குப் பின் மாவீரர் தோன்றவில்லை என்பாரும் உளர். சுகர் ரே லியோனார்டு, மார்வின் ஹாக்லர், மைக் டைசன் முதலியோரின் பெயர்களே அதற்கு மறுப்பாகும். வீரன் திறமையால் உருவாகிறான். புகழோ காண்பவர் கண்ணில் உருவாவது. காணும் வாய்ப்பையே பறித்துவிட்டு, வீரர் இல்லை என வருந்துவது பொருந்தாது.

அடைபட்ட வாயில்

காணும் வாய்ப்பு இரு கட்டங்களில் பறிபோயிற்று. முதற்கட்டத்தில் அள்ளிக் கொடுத்தே கெடுத்தனர். 1940களின் இறுதியில் தொலைக்காட்சி பரவியபோது, குத்துச்சண்டை அதற்கு ஏற்ற விருந்தாயிற்று. சிறிய மேடை, இரண்டே ஆடவர், சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையில் விளம்பரத்திற்கென ஒரு நிமிடம். சவர அலகு விற்ற ஜில்லெட் நிறுவனத்தின் ஆதரவில் வெள்ளிதோறும் போட்டி இல்லம் தேடி வந்தது. இலவசமாக நட்சத்திர வீரரைக் காண முடிந்தபோது, உள்ளூர் மன்றத்திற்குச் சீட்டு வாங்கிச் செல்வார் அருகினர். சிறு மன்றங்கள் ஒவ்வொன்றாக மூடின. இளைஞர் பயின்று முதிரும் நாற்றங்கால் அழிந்தது. ஏ. ஜே. லீப்ளிங் என்னும் எழுத்தாளர், 1956இல் வெளிவந்த தம் நூலில் இவ்வழிவை மனம் நொந்து பதிவு செய்தார். நாற்று இல்லா வயலில் விளைச்சல் எத்தனை நாள் நீடிக்கும்? 1964இல் வாராந்தரப் போட்டி ஒளிபரப்பும் நின்றது.

இரண்டாம் கட்டத்தில் கொடுத்ததைப் பறித்தனர். 1978 பிப்ரவரியில், அதுவரை ஏழே தொழில்முறைப் போட்டிகளில் இறங்கியிருந்த லியோன் ஸ்பிங்ஸ் அலியைத் தோற்கடித்ததை ஏறத்தாழ 70 மில்லியன் அமெரிக்கர் தம் இல்லத்தில் கட்டணமின்றிக் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. அதன் பின்னர்ப் பெரும்போட்டிகள் சந்தா செலுத்துவோருக்கான ஒளிவழிகளுக்குச் சென்றன. 1990களில் ஒவ்வொரு போட்டிக்கும் தனிக் கட்டணம் வசூலிக்கும் முறை வேரூன்றியது. களமும் இடம் மாறியது. மக்கள் நெருங்கி வாழும் நகரங்களை விட்டு, லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் வளாகங்களில் போட்டிகள் நடைபெறலாயின.

2015 மே 2ஆம் நாள் ஃப்ளாய்ட் மேவெதரும் மேன்னி பாக்கியாவும் மோதினர். ஏறத்தாழ நூறு டாலர் செலுத்தி அதனைப் பெற்ற அமெரிக்க இல்லங்கள் 4.6 மில்லியன். வருவாய் வரலாறு காணாதது. ஓர் இல்லத்தில் பலர் கூடிக் கண்டிருப்பர் என்று கொண்டாலும், 1978இல் கண்டோர் தொகையை அது நெருங்கியிராது. ஒரு மாலைப் பொழுதின் வருவாய்க்காக ஒரு தலைமுறையின் நாட்டத்தை விற்றனர் எனின் மிகையன்று. கட்டணம் செலுத்த இயலாத பெற்றோரின் பிள்ளைகள் வீரர்களின் பெயர்களை அறியாமலே வளர்ந்தனர். எஞ்சிய சிறு கூட்டம் அகவையில் முதிர்ந்தது. 1973 முதல் குத்துச்சண்டையைக் காட்டிவந்த எச்.பி.ஓ. ஒளிவழி, 2018 இறுதியில் அதனைக் கைவிட்டது. ஷோடைம் ஒளிவழி 2023 இறுதியில் விலகிற்று.

பட்டங்களின் மலிவு

அடைபட்ட வாயிலைக் கடந்து உட்சென்றவருக்கும் தெளிவு கிட்டவில்லை. முன்னர் எட்டு எடைப்பிரிவுகள். பிரிவுக்கு ஒரு வெற்றிவீரர். இன்றோ பதினேழு பிரிவுகள். பட்டம் வழங்கும் முதன்மை அமைப்புகள் நான்கு. அவற்றுள்ளும் இடைக்காலப் பட்டம், சிறப்புப் பட்டம் என உட்பிரிவுகள். ஒவ்வொரு பட்டப் போட்டியும் அமைப்புக்குக் கட்டணம் ஈட்டித் தருவதால் பட்டங்கள் பல்கின. பட்டம் பல்கியபோது பெருமை குன்றியது.

1999 நவம்பரில் லென்னாக்ஸ் லூயிஸ் அன்றைய மூன்று முதன்மைப் பட்டங்களையும் ஒருசேரப் பெற்றார். அதன்பின் ஹெவிவெயிட் பிரிவில் ஐயத்திற்கு இடமில்லாத ஒரே வெற்றிவீரரைக் காண, 2024 மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரியை ரியாத் நகரில் வெல்லும்வரை உலகம் காத்திருந்தது. அவ்வெற்றிக்குப் பின் சில வாரங்களிலேயே ஒரு பட்டத்தை அவர் துறக்க நேர்ந்தது. விதிகளை வகுத்தோரே விளையாட்டின் பொருளைக் குலைத்ததற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நேர்மையிலும் ஐயம் படர்ந்தது. 1947இல் தாம் வேண்டுமென்றே தோற்றதாக ஜேக் லமோட்டா 1960இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். திரைமறைவில் வீரர்களை ஆட்டிவைத்த ஃபிராங்கி கார்போ 1961இல் சிறைத்தண்டனை பெற்றார். 1999 மார்ச்சில் லூயிஸ் தெளிவாக மேலோங்கியதாகப் பலரும் கருதிய போட்டி சமனில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. கண் ஒன்று காண, தீர்ப்பு வேறொன்று கூறின், காண்பவர் மீண்டும் வருவது ஐயமே. பிறிதொரு பக்கம், கல்லூரிக் கல்வி உதவியோடு கூடைப்பந்தும் கால்பந்தும் ஏழை இளைஞர்க்கு வேறு வழிகளைத் திறந்தன. அதற்காக வருந்துவார் இரார்.

பிற நாடுகள் தரும் சான்று

இவ்வீழ்ச்சி உலகெங்கும் ஒரு தன்மையதன்று. பிலிப்பீன்சில் பாக்கியாவ் மோதிய நாள்களில் பொதுத் திடல்களில் திரை கட்டிப் போட்டியைக் காட்டினர். ஏழையும் தம் வீரனைக் கண்டான். பிரிட்டனில் 2022 ஏப்ரலில் ஃபியூரியின் போட்டிக்கு வெம்பிளி அரங்கில் 94,000 பேர் திரண்டனர். அந்நாட்டிலும் தனிக் கட்டணமுறை உண்டு என்பது உண்மையே. எனினும் கிழக்கு லண்டனின் யார்க் ஹால் போன்ற சிறு மன்றங்கள் அங்கே இன்னும் உயிரோடிருக்கின்றன. நாற்றங்கால் முற்றும் அழியவில்லை.

அமெரிக்காவிலேயே 2024 நவம்பரில் 58 வயதான மைக் டைசன், தம்மினும் முப்பது ஆண்டு இளையவரான ஜேக் பாலுடன் மோதிய காட்சியை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் சந்தாதாரருக்குத் தனிக் கட்டணமின்றிக் காட்டியது. ஏறத்தாழ 60 மில்லியன் இல்லங்கள் அதனைக் கண்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. போட்டியின் தரம் போற்றத்தக்கதன்று. ஆயின் அது இரண்டு உண்மைகளை உணர்த்திற்று. வாயில் திறந்தால் கூட்டம் வரும் என்பது ஒன்று. வந்த கூட்டம் அறிந்திருந்தது முப்பதாண்டுக்கு முந்திய ஒரு பெயரையே என்பது மற்றொன்று.

சாட்சி இல்லா வீரம்

காண்பார் குறைந்ததால் என்ன இழப்பு, கொடிய விளையாட்டு ஒன்று மறைந்தால் நன்மைதானே என்று வினவலாம். விளையாட்டு மறைந்திருந்தால் அவ்வினா பொருந்தும். மறைந்தது விளையாட்டன்று, அதன் சாட்சிகளே மறைந்தனர்.

கிம் டுக் கூ விழுந்ததைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது; அதனால் எழுந்த அதிர்ச்சியே உலகப் பட்டப் போட்டிகளின் பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைக்க வழிவகுத்தது. 2019 ஜூலையில் மாக்சிம் தாதாஷெவும், அக்டோபரில் பேட்ரிக் டேயும் போட்டியில் பட்ட அடியால் உயிர் நீத்தனர். முன்னவருக்கு அகவை 28, பின்னவருக்கு 27. குத்துச்சண்டையைத் தொடர்ந்து கவனிப்போர் துயருற்றனர். மற்றோருக்கு அவ்விருவர் வாழ்ந்ததும் தெரியாது, மறைந்ததும் தெரியாது. கண்கள் விலகியதால் காயங்கள் விலகவில்லை. மக்கள் பார்வை ஒருவகைக் கொடுமைதான் என்றாலும், அதுவே ஒருவகைக் காவலாகவும் இருந்தது.

புறநானூற்றில் சாத்தந்தையார், ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தும் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் பாடுகிறார். அவர் வேண்டுவது பரிசிலன்று. மகனிடம் மனம் மாறுபட்டிருந்த தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இப்போரைக் காண வேண்டும் என்பதே அவர் விழைவு. களத்தில் நிற்பவனுக்குக் காண்பவர் கண் எத்துணை இன்றியமையாதது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். குத்துச்சண்டையை விற்றவர்கள் அதனை அறியவில்லை. அவர்கள் காண்பவனை வாங்குபவனாக மட்டுமே எண்ணினர். வாங்க இயலாதவன் காண்பவனாகவும் இல்லாது போனான்.