காரைக்காலம்மையார் பாட்டு

அண்மையில் ஒரு திருக்கோயிலிற் காரைக்காலம்மையார் வரலாறு பற்றிய பிரசங்கம் ஒன்று கேட்டோம். பிரசங்கியார் மாங்கனி இரண்டனையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்; கணவன் அஞ்சி அகன்றமையைப் பேசினார்; திருக்கயிலையிற் தலையால் நடந்தமையைப் பேசினார். அம்மையார் பாட்டு ஒன்றனையேனும் எடுத்தோதினாரல்லர். அவரை மட்டும் நோவதென்னை? ஆனித் திங்களில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவிற்குச் செல்வாருள் அற்புதத் திருவந்தாதியை முற்ற ஓதினார் எத்துணையர்?

அறுபத்துமூவருள் மகளிர் மூவர். அவருள் நூல் அருளினாராக நமக்குக் கிடைத்தவர் அம்மையார் ஒருவரே. மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருவிரட்டை மணிமாலை, அற்புதத் திருவந்தாதி எனப் பதினோராந் திருமுறையுள் அவர் பாட்டு 143 உள்ளன. தேவாரப் பதிகங்கட்கு முற்பட்டமையின் அவர் பதிகம் 'மூத்த' எனப் பெயர் பெற்றது. சேக்கிழார் பெருமான் 66 திருவிருத்தங்களால் வரலாறு விரித்து, நூல்களைச் சுட்டிச் சென்றார். வரலாறு கூறுதலே அவர் மேற்கொண்டதாகலின் அது குறையன்று. வரலாற்றோடு நாம் நின்றுவிட்டமையே குறை.

அந்தாதியின் தொடக்கத்திலேயே, இறைவன் தம் இடர் களையாவிடினும், இரங்காவிடினும், செல்லும் நெறி இதுவென்று பணியாவிடினும், அவன்பால் வைத்த அன்பு தம் நெஞ்சை விட்டு நீங்காதென்கின்றார். பயன் கருதாத அன்பென்று நாம் வாயாற் சொல்வது எளிது. பயன் வாராதெனினும் என்று வைத்துப் பாடுதல் எளிதன்று. அவரே பிறிதோரிடத்தில், பலிக்குச் செல்லுங்கால் பாம்பைக் களைந்து செல்க, மனையிலுள்ள மகளிர் அஞ்சிப் பலியிட வாரார் என்று பெருமானுக்கு அறிவு கூறுகின்றார். இல்லறம் நடத்திய ஒரு பெண்மணிக்கன்றி இந்நகை தோன்றுமோ? அறிவானும் அறிவிப்பானும் அறியப்படும் பொருளும் அவனேயென அவர் வைத்த வெண்பாவோ, மெய்கண்டார் காலத்துக்குப் பன்னூறாண்டு முற்பட்டது. யாம் மடத்திற் சிவஞானபோதம் பாடங் கேட்ட நாளில், இவ்வெண்பாவை ஒருவரும் எடுத்துக்காட்டினாரில்லை.

பதிகங்களின் பேய்வருணனை அருவருப்புத் தருவதென்றும், மகளிர்க்குப் பாடமாகாதென்றும் சிலர் கூறுவர். அஃது எமக்கு உடன்பாடன்று. மகளிரைக் கூந்தல்முதல் அடிவரை அழகால் அளந்து பாடும் புலவர் மரபு நம் மொழியிற் பெரிது. அம்மையார் வற்றிய நகிலும், புடைத்த நரம்பும், குழிந்த கண்ணும், நீண்ட கணைக்காலுமாக அதனைத் தலைகீழாக்கி, ஈற்றில் தம்மைக் காரைக்காற்பேய் என்று கூசாது கூறிக்கொள்கின்றார். தம்மேல் இரக்கம் ஒரு சொல்லிலும் இல்லை. பிணமெரியும் அவ்வாலங்காட்டிலேயே துத்தம், கைக்கிளை, விளரி, தாரம் முதலிய இசைகளும், தக்கை, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை முதலிய கருவிகளும் ஒலிக்கின்றன. இசைவல்லார் ஒருவரே இவ்வாறு நிரல்படப் பாடுதல் கூடும்.

பதிகம் இரண்டனுள் முன்னது நட்டபாடை, பின்னது இந்தளம். பண்ணோடு இவற்றைப் பாடவல்ல ஓதுவார் எவரேனும் எம்மூர் வழியே செல்வராயின், முதுமையால் வெளிச்செல்லமாட்டாத எம் வீட்டுத் திண்ணையிற் சிறிது தங்கிப் பாடிச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.