நாவு பூட்டுண்ட ஆறு திங்கள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைத் தமிழ் முஸ்லிம்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலின் பகுதிகள் தமிழிலும் வந்துள்ளன. மேடைகளில் அவர்தம் பெயரைக் கேளாதார் நம்மில் அரியர். ஆயின், ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய ‘அல்முன்கிது மினள்ளலால்’ என்னும் சிறு நூலை ஊன்றிப் படித்தவர்கள் குறைவு. வழிகேட்டிலிருந்து மீட்பது என்று பொருள்படும் அந்நூலைப் படித்தவர்களும் அதனை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லி வருகிறார்கள். புகழின் உச்சியில் இருந்தார், ஐயம் வந்தது, அனைத்தையும் துறந்தார், ஞானம் பெற்றார் என்று நான்கு வரிகளில் கதை முடிந்துவிடுகிறது. இப்படிச் சுருக்கும்போது நூலின் உயிர்நிலை நழுவிவிடுகிறது என்பது நம் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்நூலில் வருவது ஒரு நெருக்கடியன்று, இரண்டு. முன்னது அறிவின் நெருக்கடி. அசையாதது போல் தோன்றும் நிழல் உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தீனார் அளவே தெரியும் விண்மீன் பூமியினும் பெரிதென்று கணிதம் நிறுவுகிறது. அவ்வாறாயின் கண்ணை எப்படி நம்புவது? கண்ணைப் பொய்யாக்கிய அறிவையும் பொய்யாக்க மற்றொன்று வாராதென்பதற்கு என்ன உறுதி? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்த ஐயத்தில் கிடந்ததாகவும், எந்த வாதத்தாலும் அது தீரவில்லை, இறைவன் நெஞ்சில் பாய்ச்சிய ஓர் ஒளியாலேயே தீர்ந்தது என்றும் இமாம் கூறுகிறார். தத்துவம் பயின்றவர்கள் பெரிதும் மேற்கோள் காட்டுவது இப்பகுதியைத்தான். சிறந்த பகுதியே. எனினும் நம்மை உலுக்குவது இதுவன்று.

பின்னது உறுதியின் நெருக்கடி. முன்னதில் எது உண்மையென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னதில் உண்மை தெரிந்துவிட்டது. அதன்படி நடக்கத்தான் முடியவில்லை. மனிதர்க்கு வரும் துன்பங்களுள் இவ்விரண்டாவதே கொடியதென்று நாம் எண்ணுகிறோம்.

ஹிஜ்ரி 484இல் (1091) அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரைப் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். வயது முப்பத்து மூன்று. முன்னூறு மாணவர்கள். அப்பணிகளுக்கிடையே கிடைத்த ஓய்வில், ஆசிரியர் எவருமின்றி, இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில் தத்துவ நூல்களைக் கற்றுத் தேர்ந்தார். தஸவ்வுஃப் நூல்களையும் படித்தார். அபூ தாலிபுல் மக்கீயும் முஹாஸிபீயும் எழுதியவற்றைக் கற்று முடித்தபின்தான், கல்வியால் எட்டக்கூடியதை எட்டிவிட்டோம், எஞ்சியிருப்பது அனுபவித்தே அறிய வேண்டியது என்று உணர்கிறார். இங்கே அவர் தரும் உவமைகள் மருத்துவச் சாலையின் வாடை வீசுபவை. போதையின் இலக்கணத்தை அறிவதும் போதையுறுவதும் வேறு. உடல்நலத்தின் இலக்கணமும் மருந்துகளும் அறிந்த மருத்துவனே நோயில் கிடக்கலாம். தாம் அந்த மருத்துவன் என்று அவர் சொல்லாமற் சொல்லிவிடுகிறார். தம் போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது அங்கே இறைவனுக்காக என்பது இல்லை, பதவியும் பரந்த புகழுமே இருந்தன என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்.

பிறகு வருவது, ரஜப் 488இல் (1095 ஜூலை) தொடங்கி ஆறு மாத அளவில் நீண்ட அலைக்கழிப்பு. காலையில் புறப்படத் துணிவார். மாலையில் அத்துணிவு கலையும். ஒரு காலை முன்வைப்பார், மறுகாலைப் பின்னிழுப்பார். இறுதியில் நாவு பூட்டுண்டது. மாணவர்களின் மனநிறைவுக்காக ஒருநாளேனும் பாடஞ் சொல்ல முயன்றும் ஒரு சொல் எழவில்லை. பருகியது இறங்கவில்லை, உண்டது செரிக்கவில்லை. உள்ளத்தில் புகுந்தது உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளே உள்ளது தணிந்தாலன்றி மருந்தில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். அக்காலத்தில் நாவன்மையால் வாழ்ந்தவர்களுள் முதல்வர் ஒருவருக்கு நாவே சாட்சியாக மாறிவிட்டது. அதை அவர் அலங்காரம் ஏதுமின்றி, நோய்க்குறிப்புப் போலச் சொல்லிச் செல்கிறார். அரபு உரைநடையில் இதற்கு இணையான பக்கங்கள் மிகச் சிலவே.

இக்கதையை அப்படியே ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. நிஜாமுல் முல்க் 1092இல் கொலையுண்டார்; பழி பாத்தினிய்யாக்கள் மீது விழுந்தது. கலீஃபா முஸ்தள்ஹிரின் விருப்பத்திற்கிணங்கப் பாத்தினிய்யாக்களைக் கண்டித்து நூல் எழுதியவர் இமாம். ஆகவே அவர் பக்தாதை விட்டகன்றது உயிரச்சத்தால் என்பர் சிலர். முன்கிதின் இப்பகுதியில் அக்கொலை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது மெய்தான். ஆயினும் அச்சம் இருந்ததாகவே கொண்டாலும், துறவு பொய்யாகிவிடுமா? ஒரு மனிதனை ஒரே காரணம் மட்டுமே நகர்த்தும் என்று எண்ணுவது நூலறிவினரின் பழக்கம். ஊராரும் அன்று இப்படித்தான் ஊகித்தார்கள். சிலர் கண்ணேறு என்றுகூடச் சொன்னார்களாம். அதையும் இமாமே பதிவு செய்திருக்கிறார்.

மக்காவுக்கென்று சொல்லிவிட்டு ஷாமுக்குப் போகத் திட்டமிட்டதை அவர் மறைக்கவில்லை. பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியதை வைத்துவிட்டே செல்வத்தைப் பகிர்ந்ததையும் மறைக்கவில்லை. திமிஷ்கில் பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுப் பகலெல்லாம் இருந்தார். பைத்துல் முகத்தஸில் பாறைக் குவிமாடத்தினுள் அவ்வாறே இருந்தார். பின் ஹஜ்ஜுக்குச் சென்றார். அதன்பின் அவரை ஊருக்கு இழுத்தது எது? குழந்தைகளின் அழைப்பு. காலத்தின் நிகழ்ச்சிகளும் குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவையும் தனிமையின் தூய்மையைக் கலைத்தன, தெளிந்த நிலை அவ்வப்போதே வாய்த்தது என்று எழுதுகிறார். அடைந்துவிட்டேன் என்று முழங்கும் நூல்களுக்கு நடுவே இந்த ஒரு வாக்குமூலத்திற்காகவே முன்கிதை நாம் போற்றலாம்.

குறையும் உண்டு. செயின்ட் அகஸ்டினின் ‘கன்ஃபெஷன்ஸ்’ இறைவனை நோக்கிப் பேசுகிறது. முன்கிதோ வினவிய ஒரு சகோதரருக்கு விடை கூறுகிறது. ஆதலின் ஆசான் தோரணை இதில் முற்றும் மறையவில்லை. கலாம் அறிஞர், பாத்தினிய்யா, தத்துவர், சூஃபிகள் என நால்வகையினரை அவர் வரிசையாக நிறுத்தி ஆராயும்போது, வாழ்க்கை இத்துணை ஒழுங்காகவா நடந்தது என்ற ஐயம் எழுகிறது. அதைவிட உறுத்துவது இறுதிப் பகுதி. ஆட்சியாளரின் கட்டளைப்படி ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (1106) நைஸாபூரில் மீண்டும் போதிக்கப் போகிறார். ஹலீல் நகரில் நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கவிடத்தில், அரசர் அவைக்குச் செல்வதில்லை, அரசர் பொருளைக் கொள்வதில்லை, விவாதம் புரிவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டதை அவருடைய பாரசீகக் கடிதங்களால் அறிகிறோம். முன்கித் அதைச் சொல்லவில்லை. மாறாக, ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் மார்க்கத்தைப் புதுப்பிப்பவர் வருவார் என்ற நபிமொழியை நினைவூட்டுகிறது. ஹிஜ்ரி ஐந்நூறு பிறக்கச் சில வாரங்களே இருந்தன. பதவியாசையால் நாவிழந்தவர் இங்கே சற்றுக் கூசியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதற்கு அவர் தரும் விடையை மட்டும் நாம் எளிதில் தள்ள இயலவில்லை. தனிமையில் ஒட்டிக்கொண்டிருப்பது சோம்பலாலும் சுகத்தாலும் மக்களின் தொல்லைக்கு அஞ்சியும் ஆகலாகாது என்று தம்மையே கடிந்துகொள்கிறார். வெளித்தோற்றத்தில் திரும்பியவன்தான், ஆனால் திரும்பவில்லை. முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைப் போதித்தேன், இன்று புகழை விடச்செய்யும் கல்வியைப் போதிக்கிறேன் என்ற கருத்தில் பேசுகிறார். இதை அவர் வாயால் கேட்டு மட்டும் நாம் ஏற்பதற்கில்லை.

வேறொரு சாட்சி இருக்கிறது. குஷைரீயின் பேரரும் நைஸாபூர்க்காரருமான அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸீ, இமாமின் இளமைச் செருக்கையும் பிறரை இகழ்ந்து நோக்கிய போக்கையும் நேரில் அறிந்தவர். திரும்பி வந்தவரின் பணிவைக் கண்டு, இது பூண்ட வேடமாக இருக்கும் என்றே அவர் முதலில் எண்ணினார். பலமுறை சென்று பார்த்தார்; துருவி ஆராய்ந்தார். பிறகுதான், தாம் நினைத்ததற்கு மாறாக அம்மனிதர் மெய்யாகவே தெளிந்துவிட்டார் என்று எழுதி வைத்தார். இமாம் நைஸாபூரிலும் நிலைக்கவில்லை. தூஸுக்குத் திரும்பி, வீட்டருகில் மாணவர்க்கொரு மத்ரஸாவும் சூஃபிகளுக்கொரு கான்காவும் அமைத்துக்கொண்டு, 1111 டிசம்பரில் மறையும்வரை அங்கேயே இருந்தார்.