துணைவஞ்சியும் வேந்தர் ஆற்றலின் எல்லையும்

திருவண்ணாமலையில் இரமணாசிரமப் பகுதியின் வழியே செல்லும் செங்கம் சாலை, மலைபடுகடாம் போற்றும் நன்னனது செங்கண்மாவிற்கு இட்டுச் செல்கின்றது. தென்கிழக்கே, பெண்ணைக் கரையில், மலையமான்களின் கோவலூர். இக்குறுநில மன்னர்மேல் பெருவேந்தரின் ஆற்றல் எவ்வளவு செல்லலாம் என்னும் வினாவைப் புறநானூற்று 46ஆம் பாட்டு எழுப்புகின்றது. சோழன் கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கு இட முற்பட்டபொழுது கோவூர்கிழார் பாடியது அது. (மலையமான் எவன் என்பது பாட்டின் பின்னுள்ள குறிப்பில் இல்லை, திருமுடிக்காரியே எனத் துணிதல் மிகை.)

சங்க காலத்திலேயே தமிழரிடம் நாடுகளுக்கிடையிலான சட்டம் இருந்தது என நாட்ட விரும்புவார்க்கு இப்பாட்டும், ஆக்களும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேர்க எனப் போர்க்குமுன் அறிவிக்கும் 9ஆம் பாட்டும் சான்றாகத் தோன்றக்கூடும். அத்துணிபு எமக்கு உடன்பாடன்று. 9ஆம் பாட்டைப் பாடிய நெட்டிமையாரே, 15ஆம் பாட்டில், அதே முதுகுடுமி பகைவர் தெருக்களைக் கழுதை ஏர் பூட்டிப் பாழ்செய்தமையையும் புகழ்கின்றார். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் கொடுமீறல் செய்தாரைத் தண்டிக்குமாறு நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. கிள்ளிவளவனைக் கட்டுப்படுத்துவார் எவருமிலர்.

அங்ஙனமாயின் புலவர் எதனைக் கொண்டு தடுத்தார்? தோல்வியைக் காட்டி அச்சுறுத்தவில்லை. மலையமான் குற்றமற்றவன் என வழக்காடவுமில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன் நீ என்கின்றார். இவரோ புலவர்க்குப் பகுத்துண்டோர் வழியினர் என்கின்றார். பின்னர் சிறாரையே காட்டுகின்றார்: யானையைக் கண்டு அழுகை மறந்து, மன்றத்தை மருண்டு நோக்கி, புதியதொரு துன்பம் உற்று நிற்கின்றனர். கொல்ல வந்த யானை அவர்க்கு வேடிக்கை. சூழ நிற்கும் மக்களே அச்சம். இம்முரணைக் கண்ட அவையோர் நாணாதிருத்தல் அரிது. இறுதியில், கேட்டாய், இனி நீ விரும்பியது செய்க எனப் புலவர் நிறுத்திவிடுகின்றார். இதனைப் பணிவு எனக் கொள்ளற்க. செயலின் பொறுப்பு முழுவதும் அவன் தலைமேல் ஏறும் இடம் அதுவே.

தொகுத்தோரும் இதன் அருமையை உணர்ந்தனர் போலும். இருவர் சோழர் போரைத் தடுக்கும் 45, ஒற்றன் என ஐயுற்ற புலவன் இளந்தத்தனைக் காக்கும் 47 ஆகிய கோவூர்கிழார் பாட்டுக்களுடன் இதனை அடுத்தடுத்து வைத்து, மூன்றிற்கும் துணைவஞ்சி என்றே துறை வகுத்துள்ளனர். மண்கொள்ளும் வஞ்சித் திணையினுள்ளேயே அதனைத் தடுப்பதற்கும் ஒரு துறை உளது.

சிறார் உய்ந்தனர் என்னும் செய்தி பாட்டில் இல்லை. பின்னுள்ள குறிப்பே அதனைக் கூறுகின்றது.