இடைத்தலைமுறையின் உள்ளம்: 'நம் காலத்து நாயகன்' குறித்து ஓர் ஆய்வு

உருசிய எழுத்தாளர் இலெர்மந்தோவ் 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நம் காலத்து நாயகன்' என்னும் நாவலின் தலைவன் பெச்சோரின். அவனது நெஞ்சின் வறட்சியைத் தனியொருவனின் குணக்கேடு என்பர் ஒரு சாரார். பைரனின் எதிரொலி என்பர் மற்றொரு சாரார். இரு பெருந்தலைமுறைகளுக்கு இடையே நின்ற ஒரு சிறு தலைமுறையின் உள்ளநிலையே அவன்பால் வடிவுற்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

1825 திசம்பரில் சார் மன்னனின் தனியாட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி ஒரே நாளில் ஒடுக்கப்பட்டது. தலைவர் ஐவர் மறு ஆண்டில் தூக்கிலிடப்பட்டனர். பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1814இல் பிறந்த இலெர்மந்தோவுக்கு அன்று வயது 11. மூத்தோரின் கனவிற் பங்குகொள்ள அவ்வயது போதாது. அதன் வீழ்ச்சியின் நிழலில் வளர்வதைத் தவிர்க்கவும் இயலாது. பண்ணையடிமை முறை ஒழிந்ததும் புதிய இளைஞர் கூட்டம் எழுந்ததும் 1860களில். அவரோ 1841இலேயே இருவர் போரில் மாய்ந்தார்.

இவ்வுள்ளநிலைக்கு நூலின் அமைப்பே முதற்சான்று. ஐந்து பகுதிகளும் கால வரிசையில் அமைந்தில. முதற்கண் மக்சீம் மக்சீமிச் என்னும் முதிய படைவீரர் வாயிலாகப் பெச்சோரினை அறிகிறோம். அவர் அவன்பால் அன்புடையவர். எனினும் அவனை விளங்கிக்கொள்ள மாட்டாதவர். அவனது நாட்குறிப்பு தொடங்குமுன்னரே அவன் இறந்த செய்தி கூறப்படுகின்றது. முன்னோடும் பின்னோடும் தொடர்பற்ற வாழ்வுக்கு இம்முறைமாற்றம் ஏற்ற உருவமாகின்றது.

இறுதிப் பகுதியில், விண்மீன்கள் தம் செயல்களில் நாட்டமுடையன என நம்பிய முன்னோரைப் பெச்சோரின் எண்ணுகிறான். அந்நம்பிக்கை அவர்களுக்கு அளித்த உறுதி தன் காலத்தார்க்கு இல்லையென வருந்துகிறான். பின்னர், கொலைசெய்து ஒளிந்த கசாக்கு வீரனைத் தனியே பாய்ந்து பிடிக்கிறான். ஆற்றல் குன்றவில்லை, ஆற்றலைச் செலுத்துதற்குரிய குறிக்கோளே இல்லை. இஃது அவ்விடைத்தலைமுறையின் அவலம்.

ஈண்டு ஒரு தடை எழும். 1812இல் பிறந்த ஹெர்சனும் அதே இருளில் வளர்ந்தவரே. எனினும், தூக்கிலிடப்பட்டோரின் குறிக்கோளைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றார். ஆகவே, பிறந்த ஆண்டு உள்ளத்தை முற்ற வரையறுப்பதன்று. இலெர்மந்தோவும் இதனை உணர்ந்தவர் என்பதற்குப் பேலாவின் சாவே சான்று. பெச்சோரினின் சலிப்புக்குக் காலம் காரணமாகலாம். அவன் கவர்ந்து வந்து கைவிட்ட அப்பெண்ணின் துயருக்கு அவனே பொறுப்பாளன். காரணத்தைக் காட்டியும் குற்றத்தை நீக்காமையே இந்நாவலின் நடுநிலை.