வேம்பு பூத்தாச்சு, மணல் வரலை

நவீனக் கவிதையில் 'வசந்தம்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் அது மொழிபெயர்ப்புகளில் படித்த வசந்தம். இலை கொட்டும், நீண்ட குளிர்காலம் கழியும், பிறகுதான் துளிர்க்கும். நம்ம ஊர் வேம்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மாசி, பங்குனியில் ஒரு பக்கம் கொட்டிக்கொண்டே மறுபக்கம் செம்பு நிறத்தில் துளிர் விடுகிறது. நடுவில் குளிர்காலம் இல்லாததால் பருவம் மாறியதையே நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஓதலாந்தையார் கவனித்திருக்கிறார். ஐங்குறுநூற்றில் பாலைத் திணையின் நூறு பாட்டும் அவருடையவை. அதில் ஒரு பத்து இளவேனிலுக்கென்றே இருக்கிறது. கோங்கு, புன்கு, மா, வேம்பு என்று மரங்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் பத்துப் பாட்டிலும் ஒலிப்பது புகார்தான். பருவம் வந்துவிட்டது, பிரிந்து போனவன் வரவில்லை. பூ அங்கே தவணைத் தேதி. காத்திருக்கிறவளின் கண்ணுக்குத்தான் மரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. 'பிரிவாற்றாமை' என்று பெயர் வைத்துவிட்டு நகரும் வாசிப்பு இதைத் தவறவிடுகிறது.

எனக்கு இதைப் புரியவைத்தது பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, ஈசிஆரை ஒட்டிய கடற்கரை ஊர். வாடை அடங்கித் தெற்கத்திக் காற்று எழும்போது அலையும் தெற்கிலிருந்து சாய்ந்து வரும். அதோடு மணலும் கரையோரமாக வடக்கே நகரும். அந்த மணல்தான் இந்தக் கரைக்குச் சோறு. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை வழியிலேயே மறித்துவிட்டன. வடக்கே ஊர் ஊராகக் கரை அரித்தது. கருங்கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கு வடக்கே தள்ளிப் போனது. படகை இழுத்துப் போடவும் வலையைக் காயப்போடவும் மணல் வேணுமே! கல்லில் எதைச் செய்வது?

இளவேனில் பத்தின் முதல் பாட்டில் குயிலோடு ஆற்றின் நுண்மணலும் வருகிறது. முன்பெல்லாம் அதைப் பின்னணி வர்ணனை என்று நினைத்துத் தாண்டிவிடுவேன். இப்போது அந்த இடத்தில் கண் நின்றுவிடுகிறது.

இந்தக் கரையில் நின்று வசந்தம் எழுதப்போகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பூத்ததை எழுதுங்க. கூடவே, எது இன்னும் வரலைன்னும் எழுதுங்க.