தடுக்காமல் விட்ட ஆள்

அட்லாண்டாவில் பாபி டாட் மைதானத்தில் முதன்முதலாக அமெரிக்க ஃபுட்பாலின் ஆப்ஷன் ஆட்டத்தைப் பார்த்தபோது நான் ஏமாந்துதான் போனேன். ஜார்ஜியா டெக் அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கினான், பாய்ந்து வந்த ஃபுல்பேக்கின் வயிற்றில் திணித்தான். எதிரணியில் மூன்று பேர் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள். அவ்வளவுதான் என்று காலடியில் வைத்திருந்த கடலைப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் அரங்கமே எழுந்து நிற்கிறது. பந்து மைதானத்தின் மறுகோடியில் வேறொருவன் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே கிடந்தவனிடம் பந்தே இல்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சி கொடுத்தவராம். சிரித்துக்கொண்டே, "பந்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் யாரைத் தடுக்காமல் விடுகிறார்கள் என்று பாருங்கள்" என்றார். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு. அமெரிக்க ஃபுட்பாலில் பக்கத்துக்குப் பதினொரு பேர். குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டால், ஓடுகிறவனுக்கு வழி செய்ய மிஞ்சுவது ஒன்பது பேர். எதிரே நிற்பது பதினொன்று. இந்த இரண்டு பேர் குறைவை எப்படி ஈடுகட்டுவது? பலசாலிகளைச் சேர்த்து ஈடுகட்டலாம். பணக்காரப் பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆப்ஷன்காரர்கள் வேறு வழி கண்டார்கள். எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவன் உள்ளே பாய்ந்தால் பந்து வெளியே போகும்; வெளியே காத்து நின்றால் பந்து உள்ளே போகும். எதைச் செய்தாலும் அவன் செய்தது தப்பு. ஒரு விரல்கூட அவன்மேல் படாமல் அவனைக் கணக்கிலிருந்து கழித்தாயிற்று.

விதிப்படி முன்வரிசையில் ஏழு பேர் நிற்க வேண்டும். பின்னால் மிஞ்சுவது நால்வர். அந்த நால்வரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன. ஆனால் அணிவகுப்பை வைத்து மட்டும் பாணியை அடையாளம் காண்பவர்கள், வீணையின் குடத்தை வைத்து வாசிப்பை எடைபோடுகிறவர்கள்.

மூலபுருஷர் டான் ஃபாரட். 1941இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஸ்பிளிட் டி என்ற அணிவகுப்பை அமைத்தார். அவர் கூடைப்பந்தும் ஆடியவர். அங்கே இருவர் ஒருவனை நோக்கிப் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அந்த ஒருவன் தவிப்பதைப் பார்த்திருந்தார். அந்தத் தவிப்பையே புல்தரைக்குக் கொண்டுவந்தார். முன்வரிசை ஆட்களுக்கிடையே இடைவெளியை அகட்டினார்; எதிரணியும் அகன்று நிற்க வேண்டியதாயிற்று. குவார்ட்டர்பேக் வரிசையை ஒட்டியே பக்கவாட்டில் ஓடிக் கடைசியில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டிடம் போய்ச் சேருவான். அவன் தன்னைப் பிடிக்க வந்தால் பந்தைப் பக்கத்தில் ஓடிவரும் ஹாஃப்பேக்குக்கு வீசிவிடுவான். வராவிட்டால் தானே ஓடுவான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அயோவாவில் கடற்படை விமானிகளுக்கான பயிற்சி முகாம் அணியை ஃபாரட் நடத்தினார். உதவிக்கு இருந்த ஜிம் டேட்டமும் பட் வில்கின்சனும் வித்தையை அங்கே கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்தது. டேட்டம் மேரிலாண்டை 1953இல் தேசிய சாம்பியன் ஆக்கினார். வில்கின்சனின் ஓக்லஹோமா 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்றது. பெரிய கல்லூரி அணி எதுவும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. வில்கின்சனை ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராக எதிர்கொண்ட பிறகு, 1956இல் ஓய்வு பெறும்வரை, ஃபாரட்டால் அவரை ஒரு முறைகூட வெல்ல முடியவில்லை. இந்த மரபில் ஆசான்களுக்கு இது தலையெழுத்து போலும். மறுபடியும் நடக்கும், பாருங்கள்.

1960களின் நடுவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பில் யோமன் வீர் பாணியைக் கொண்டுவந்தார். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் இரண்டு பேர், இருபுறமும் பிரிந்து நிற்பார்கள். ஃபாரட் வெளியே இருந்த ஒருவனை மட்டும்தான் விட்டுவைத்தார். யோமன் அவனுக்கு உள்பக்கம் நிற்பவனையும் தடுக்காமல் விட்டார். ஒரே ஓட்டத்தில் இரண்டு முடிவுகள், மூன்று வழிகள். டிரிப்பிள் ஆப்ஷன் என்ற பெயருக்கு இதுவே பொருள். 1968இல் துல்சாவை 100க்கு 6 என்று ஹூஸ்டன் நசுக்கியது இந்தப் பாணியில்தான். நூறு தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது, போகட்டும்.

அதே 1968இல்தான் ஆஸ்டினில் விஷ்போன் பிறந்தது. டாரல் ராயல் தலைமைப் பயிற்சியாளர். அணிவகுப்பை வரைந்தவர் எமரி பெல்லார்ட், டெக்சஸ் பள்ளிகளில் பல ஆண்டு பயிற்சி கொடுத்துவிட்டு வந்தவர். குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் ஃபுல்பேக், அவனுக்குப் பின்னால் இருபுறமும் இரண்டு ஹாஃப்பேக்குகள். நம் ஊர்ச் சிறுவர்களுக்குச் சொன்னால் உண்டிவில் கவட்டை. அமெரிக்கர்களுக்கு அது கோழியின் கழுத்தடியில் இருக்கும் கவட்டை எலும்பாகத் தெரிந்தது. அந்த எலும்பின் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தப் பாணியை நிதானமாகப் பார்க்க வேண்டும். பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் அதைப் பின்னால் நீட்டுகிறான். ஃபுல்பேக் முன்வரிசை இடைவெளியை நோக்கித் தலை குனிந்து பாய்கிறான். பந்து அவன் வயிற்றில் படுகிறது; ஆனால் குவார்ட்டர்பேக் கையை எடுப்பதில்லை. ஓர் அடி, ஒன்றரை அடி தூரம் இருவர் கையும் ஒரே பந்தின்மேல் நகர்கின்றன. குவார்ட்டர்பேக்கின் கண் பந்தில் இல்லை, ஃபுல்பேக்கிலும் இல்லை. தடுக்காமல் விட்ட முதல் ஆளின் தோளில் இருக்கிறது. தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொள்ள வேண்டும். திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். ஃபுல்பேக் தானாக இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பந்தை உருவும் விசை தெரிந்தால் கையைத் தளர்த்திவிட்டு, பந்து இருப்பதுபோலவே மோத வேண்டும். அரை விநாடி கூட ஆகாது. இருவரில் ஒருவர் தயங்கினாலும் பந்து தரையில். உருவியாயிற்று என்றால் இரண்டாவது ஆள் எதிரே நிற்கிறான். அவன் குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பியதும் பந்து ஹாஃப்பேக்குக்குப் பறக்கிறது. மற்ற ஹாஃப்பேக் அவனுக்கு முன்னே ஓடித் தடுப்புப் போடுகிறான். வீரில் இல்லாத இந்த நாலாவது ஆள்தான் பெல்லார்டின் பங்களிப்பு.

முதல் இரண்டு ஆட்டங்கள் சரியாக அமையவில்லை. ஹூஸ்டனோடு 20–20 சமன், டெக்சஸ் டெக்கிடம் 31–22 தோல்வி. ஃபுல்பேக் மிக அருகில் நின்றதால் குவார்ட்டர்பேக்குக்குப் பார்த்து முடிவெடுக்க நேரம் போதவில்லை. அவனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். புகழ்பெற்ற பில் பிராட்லியை நகர்த்திவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைக் குவார்ட்டர்பேக் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு டெக்சஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. ஸ்ட்ரீட் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கிய 20 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. அவன் அப்படியொன்றும் பெரிய ஓட்டக்காரனோ வீச்சுக்காரனோ இல்லை. முடிவெடுக்கத் தெரிந்தவன். இந்த மரபின் அளவுகோலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ராயல் வித்தையை ஒளித்துவைக்கவில்லை. 1970 பருவத்தின் நடுவில் ஓக்லஹோமா தடுமாறியபோது, கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஓக்லஹோமா டெக்சஸின் பரம வைரி என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பாரி ஸ்விட்சர் அங்கே உதவியாளர். 1971இல் ஓக்லஹோமா ஓட்டத்தில் மட்டும் ஆட்டத்துக்குச் சராசரி 472.4 யார்டு எடுத்தது. 1971 முதல் 1975 வரை ஐந்து ஆண்டும் டெக்சஸ் தன் வித்தையாலேயே ஓக்லஹோமாவிடம் தோற்றது. அலபாமாவின் பேர் பிரையண்டும் 1971 கோடையில் ராயலிடம் பாடம் கேட்டார். பயிற்சி முழுவதையும் மூடி மறைத்து நடத்தினார். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் போய்த் தெற்குக் கலிஃபோர்னியா அணியை 17–10 என்று வென்ற பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஒரே அணிவகுப்பு, ஆனால் மூன்று ஊரும் மூன்று விதம். டெக்சஸ் நடுவில் ஃபுல்பேக்கைக் கொண்டு இடித்தது. ஓக்லஹோமா வெளியே, மின்னல் வேக ஹாஃப்பேக்குகளுக்குப் பந்தை வீசியது. தவறவிட்ட பந்துகளும் ஏராளம், அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அலபாமா இடையிடையே முன்னோக்கி வீசும் பாஸையும் கலந்தது. என் கணக்கில் டெக்சஸ் இலக்கணம், ஓக்லஹோமா இலக்கியம்.

நெப்ராஸ்காவைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டாம் ஆஸ்போர்ன் 25 பருவங்களில் 255 வெற்றி கண்டவர். 1994, 1995, 1997 சாம்பியன். ஃபுல்பேக்கும் டெயில்பேக்கும் ஒருவன் பின் ஒருவனாக நிற்கும் ஐ அணிவகுப்பிலிருந்து ஆப்ஷன் ஆடினார். 1995 பருவத்தின் இறுதியில் ஃபியஸ்டா போல் ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 62–24 என்று வென்றபோது, குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியர், பிடித்தவர்களையெல்லாம் உதறிக்கொண்டு ஓடிய 75 யார்டை இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் காலத்துக்கும் தலைசிறந்த கல்லூரி அணி அதுதான் என்பார் பலர், நானும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆப்ஷன் பல ஆயுதங்களில் ஒன்று. முன்வரிசையின் முரட்டுப் பலமே பாதி வேலையை முடித்துவிடும். ஆளைக் கழிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. மிகச் சிறந்த அணி வேறு, மிகச் சிறந்த ஆப்ஷன் அணி வேறு.

பெரிய ஊர்களில் ஆப்ஷன் மங்கியதற்குக் காரணம் பலவற்றைச் சொல்வார்கள். மயாமி 1985, 1986, 1987 ஆகிய மூன்று பருவங்களிலும் வேகமான தடுப்பாட்டத்தால் ஸ்விட்சரின் ஓக்லஹோமாவை வென்றது ஒன்று. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகக் கனவு காணும் குவார்ட்டர்பேக்குகள் பாஸ் வீசும் கல்லூரிகளையே தேடினார்கள் என்பது இன்னொன்று. பின்தங்கிவிட்டால் இந்தப் பாணியில் சட்டென்று எட்டிப் பிடிக்க முடியாது என்பதும் உண்மைதான்.

ஆனால் ராணுவக் கல்லூரிகள் விடவில்லை. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் படிப்பு முடிந்ததும் படைப்பணி என்ற கட்டாயம் உண்டு. உடல் எடைக்கும் வரம்பு உண்டு. முந்நூறு பவுண்டு மலைகள் அங்கே சேர்வது அபூர்வம். இருக்கிற ஆட்களை வைத்து இல்லாத ஆட்களை ஈடுகட்டும் கணக்கு அவர்களுக்கே எழுதிவைத்தது. விஷ்போனின் இரண்டு ஹாஃப்பேக்குகளையும் முன்வரிசைக்கு அருகே, இரு ஓரங்களில் கொண்டுபோய் நிறுத்தினால் ஃபிளெக்ஸ்போன். விமானப்படையில் ஃபிஷர் டிபெரி இந்த வழி நின்றார். பால் ஜான்சன் ஜார்ஜியா சதர்னில் 1999, 2000 இரண்டு ஆண்டும் தம் பிரிவின் சாம்பியன், பிறகு கடற்படை, 2008 முதல் 2018 வரை ஜார்ஜியா டெக். நான் கடலைக்குக் குனிந்தது அவர் காலத்தில்தான். கடற்படையின் கீனன் ரெனால்ட்ஸ் 88 டச்டவுன்களை ஓடியே எடுத்தார். ஜான்சன் பயிற்றுவித்த 2007ஆம் ஆண்டுக் கடற்படை அணி, நோட்ர டேமிடம் 43 ஆண்டுகள் தொடர்ந்து தோற்றதை மூன்று கூடுதல் நேரங்கள் ஆடி 46–44 என்று முடித்துவைத்தது. 2018இல் ராணுவ அணி ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில் சுமார் 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கூடுதல் நேரம்வரை இழுத்து, 28–21 என்று தோற்றது. தோல்விதான், ஆனால் ஓக்லஹோமா ரசிகர்கள் பந்தைப் பார்த்தது கால் மணி நேரம்.

குவார்ட்டர்பேக் சில அடி பின்னால் நின்று பந்தை வாங்கும் ஷாட்கன்னிலிருந்து ஆடும் ஜோன் ரீட் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. 1990களின் தொடக்கத்தில் மேற்கு விர்ஜினியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறு கல்லூரியில் ரிச் ரோட்ரிகெஸ் பயிற்சியாளர். பந்தைக் கைமாற்றும்போது குவார்ட்டர்பேக் தவறவிட்டு, மீண்டும் எடுத்து, டிஃபென்சிவ் எண்ட் உள்ளே பாய்ந்துவிட்ட காலி இடத்தில் ஓடினான். ஏன் அங்கே ஓடினாய் என்று விசாரித்ததில் பிறந்தது இது. இன்று ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் ஆடுகின்றன. 2006 ஜனவரியில் ரோஸ் போல் ஆட்டத்தில் டெக்சஸின் வின்ஸ் யங் 200 யார்டு ஓடித் தெற்குக் கலிஃபோர்னியாவை 41–38 என்று வீழ்த்தியது இதன் உச்சம். பழைய ஆட்கள் இதை ஆப்ஷன் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். எனக்குத் தயக்கமில்லை. ஒருவனைத் தடுக்காமல் விடுகிறார்கள் அல்லவா?

கவலை வேறு இடத்தில். ஃபிளெக்ஸ்போனின் சிறிய ஆட்கள் பெரியவர்களை இடுப்புக்குக் கீழே மோதித்தான் சாய்ப்பார்கள். முழங்கால் காயங்களைக் காரணம் காட்டி 2018இலும் 2022இலும் விதிகளை இறுக்கினார்கள். முன்வரிசை நடுப்பகுதிக்கு வெளியே அப்படித் தடுக்கக் கூடாது. காயம் பட்டவனைக் கேட்டால் விதி நியாயம் என்பான். ஆனால் பாரம் முழுவதும் சிறிய அணிகளின் தலையில் விழுந்தது. ராணுவ அணி 2023இல் ஷாட்கன்னுக்கு மாறிப் பார்த்தது, ஒத்துவரவில்லை. 2024இல் பழைய வழிக்குத் திரும்பிப் பன்னிரண்டு ஆட்டங்களை வென்றது. அதன் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி அந்தப் பருவத்தில் ஓடி எடுத்த டச்டவுன்கள் 32.

ராணுவமும் கடற்படையும் மோதும் ஆட்டம் வழக்கமாக டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும். தொலைக்காட்சியில் பாருங்கள். கேமரா பந்தின் பின்னாலேயே போகும், நீங்கள் போக வேண்டாம். முன்வரிசையின் ஓரத்தில், யாருமே தொடாமல் தனியாக ஒருவன் நிற்பான். அவன் தோளைப் பாருங்கள்.