நீலமும் கைகளும்: பிக்காசோவின் தொடக்கக் கால மனித உருவங்கள்

பிக்காசோவின் நீலக் காலகட்டத்தைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வேரூன்றிவிட்டன. 1901 முதல் 1904 வரை பாரிசிலும் பார்சலோனாவிலும் அவர் தீட்டிய பிச்சைக்காரர்களிலும் பார்வையற்றவர்களிலும் மனிதநேயத்தின் உச்சத்தைக் காண்பது ஒன்று. இருபது வயது இளைஞரின் மிகையுணர்ச்சி என்று அவற்றை ஒதுக்குவது மற்றொன்று. இரண்டுமே அந்த ஓவியங்களை ஒரே குவியலாகப் பார்க்கின்றன. ஆனால் அவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு அதிகம். அதை அளக்க நிறத்தைவிடக் கைகளே நம்பகமான அளவுகோல். கைக்கு ஒரு வேலை இருக்கும்போது ஓவியத்தில் உள்ளவர் நமக்கு மனிதராகத் தெரிகிறார். கை வெறும் சைகையாகும்போது துயரம் வேடமாகிவிடுகிறது.

1903இல் வரைந்த 'துன்பியல்' ஓவியத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சிறுவனும் கடற்கரையில் வெறுங்காலுடன் நிற்கிறார்கள். பெரியவர்கள் இருவரும் கைகளை உடலோடு சேர்த்துக் கட்டித் தலைகவிழ்ந்திருக்கிறார்கள். என்ன நேர்ந்தது என்று சொல்லாமல் விட்டது குறையல்ல. கடல், மணல், துணி, தோல் எல்லாவற்றையும் ஒரே நீலம் மூடிவிடுவதால், அவர்களைக் கவனிக்கும் முன்பே இரங்கும்படி நமக்கு ஆணை வந்துவிடுகிறது; குறை அங்கேதான். அதே ஆண்டின் 'வாழ்க்கை' இன்னும் பெரிய முயற்சி. அதில் நிற்கும் ஆணுக்கு, 1901 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்ட நண்பர் கசகேமாஸின் முகம். முன்வரைவுகளில் அங்கே இருந்தது பிக்காசோவின் முகம். இத்தனை கனத்த அனுபவம் பின்னணியில் இருந்தும், அந்த ஆணின் நீட்டிய விரல் ஏதோ ஓர் உட்பொருள் இருப்பதாக அறிவிப்பதோடு நின்றுவிடுகிறது.

இவற்றுக்கு நேர்மாறானது, 1903இன் 'பார்வையற்றவரின் உணவு'. இடக்கையில் ரொட்டி, வலக்கை மேசைமேல் இருக்கும் கூஜாவைத் துழாவுகிறது. ஓவியர் எல் கிரெக்கோவை நினைவூட்டும் அந்த நீண்ட, மெலிந்த விரல்கள் இங்கே அலங்காரமாக இல்லை. கண்ணின் வேலையை அவை ஏற்றிருக்கின்றன. பொருள்களை நிறத்தால் பிரித்தறிய முடியாத உலகம் அது; ஆகவே ஒற்றை நீலத்துக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. 1904இன் 'இஸ்திரி போடும் பெண்' ஓவியத்தில் நீலம் சாம்பலாக வெளிறுகிறது. தோள் கூர்மையாக உயர்ந்திருக்க, உடலின் எடை முழுவதும் கைகள் வழியே இறங்கிப் பெட்டியை அழுத்துகிறது. அவளது களைப்பு அந்த உழைப்பிலிருந்தே தெரிவதால், ஓவியர் தனியாக இரக்கம் கேட்க வேண்டியதில்லை.

நண்பரின் மரணமும் பிக்காசோவின் வறுமையும் உண்மை, அந்தத் துயரத்தை வேடம் என்பது அநியாயம் என்று சிலர் மறுக்கலாம். உணர்ச்சி உண்மையானதே. ஆனால் வலுவான படங்களும் தளர்ந்த படங்களும் அதே துயரக் காலத்தில் பிறந்தவை. எனவே துயரம் தரத்துக்குச் சான்றாகாது. செயின்ட் லசார் சிறை மருத்துவமனைக்கே சென்று பெண்களைப் பார்த்தவர், 1902இன் 'இரு சகோதரிகள்' ஓவியத்தில் அவர்களைத் தேவாலயச் சிலைகளாக்கிவிட்டார். நேரில் கண்டதும் கைகொடுக்கவில்லை. 'கிழக் கிதார்க்காரர்' இந்த அளவுகோலுக்கு அடங்குமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அவருடைய விரல்கள் தந்தியில் இருக்கின்றன. பழுப்புநிறக் கிதார் நீலத்தை மீறுகிறது. எனினும் ஒடிந்ததுபோல் மடிந்த கழுத்து, வாசிப்பவரை அவலத்தின் சின்னமாக்குகிறது. கைகள் வெல்ல, கழுத்து தோற்கும் ஓவியம் அது. ஒரே சட்டகத்துக்குள்ளேயே இந்த அளவுகோல் செல்லுபடியாகிறது.

இந்தக் காலகட்டத்தின் புகழில் பெரும்பங்கை நீலம் எடுத்துக்கொண்டது. பிக்காசோ பிறகு அந்த நிறத்தை விட்டார். உடலின் எடையை விடவில்லை. 1906இல் முடித்த, எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் உருவப்படத்தில், தொடைமேல் ஊன்றிய கனத்த கைகள் யாருடைய பரிவையும் வேண்டுவதில்லை. அந்த வழியைத் திறந்தவை, கூஜாவைத் துழாவும் கையும் பெட்டியை அழுத்தும் கையும்தான். நீலக் காலகட்டத்தின் நிலையான சாதனை என்று போற்ற வேண்டியவை அவையே.